பின்தெருவில் போய் நிற்கிற விருந்தாளிகள்

கேள்வி: விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குப் போனில் வழி சொன்னால், பாதிப் பேர் பின்தெருவில் போய் நின்றுகொண்டு கூப்பிடுகிறார்கள். எப்படித்தான் சொல்வது?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: தப்பு அவர்கள் மேல் இல்லை ஆச்சி. முகப்பில் நுழைந்து வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்தால் அடுத்த தெருவில் போய் முடிகிற பெரிய செட்டிநாட்டு வீடுகள் உங்கள் ஊரில். தெருக்களும் கட்டம் போட்ட மாதிரி நேர்நேராக, ஒன்றைப் போலவே இன்னொன்று. அதனால் வாசல் எந்தத் தெருவில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்காமல் 'சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க' என்றால், திருச்சியிலிருந்து வருகிறவருக்குச் சரியாக இருப்பது காரைக்குடியிலிருந்து வருகிறவருக்கு நேர் எதிராகிவிடும். அப்புறம், 'பெரிய வீடு, தேக்குக் கதவு' என்பதெல்லாம் அங்கே அடையாளமா? ஊருணி, கோயில், அரண்மனை என்று இடம் மாறாத ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து எத்தனையாவது தெரு என்று எண்ணிச் சொல்லுங்கள். கூடவே, எது கண்ணில் பட்டால் தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம், அதையும் சொல்லுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். 'இந்தா, பக்கம்தான்' மட்டும் வேண்டவே வேண்டாம், அதை நம்பி உச்சி வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தவன் நான்.

சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மேலும் பின்வாசலில் வந்து நின்றால், சரி, அடுப்படி வழியாகவே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், பந்திக்கு அதுதான் கிட்டம்.