எழுத்துக் களம்: மறதியை எழுதுவது எப்படி?

கேள்வி: என் மாயப் புனைவு நாவலில் மருத்துவச்சி ஒருத்தி துயர நினைவுகளை நூல்போல உருவி எடுக்கிறாள். ஏழு வயது மகனை ஆற்றில் பறிகொடுத்த நாயகிக்கு அந்த ஒரு நாள் மட்டும் மறந்துபோகிறது. அதற்குப் பிறகு கதை நகரவே இல்லை. எங்கே பிழை?

பதில்: எதுவரை அழிப்பது என்று நீங்கள் எல்லை போடவில்லை. அந்த நாள் மட்டும் போனால், மறுநாள் காலையில் "பிள்ளை எங்கே?" என்றுதான் அவள் கேட்பாள். மகனையே அழித்தால் ஏழு வருடம் காலியாகும். வயிற்றுத் தழும்பும் கொடியில் கிடக்கும் சின்னச் சட்டையும் மிஞ்சும். இரண்டில் ஒன்றை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டாவதில்தான் கதை இருக்கிறது என்பது என் எண்ணம்.

சம்பவம் மறந்தாலும் அச்சம் தங்கும். உளவியலாளர் கிளாபரேட் 1911-ல் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. புதிதாக எதுவும் மனதில் தங்காத ஒரு பெண்ணோடு கை குலுக்கும்போது, விரலிடுக்கில் ஊசியை மறைத்துக் குத்தினார். குத்தியதை அவள் மறந்துவிட்டாள். ஆனால் அவர் மறுபடி கை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டாள். உங்கள் நாயகி படித்துறையில் இறங்கும்போது அவள் இடது கை தானாகப் பின்னே நீளட்டும். இடுப்பு உயரத்தில் விரல்கள் மடங்கிக் காத்திருக்கட்டும். அங்கே விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: அவளுக்குத் தெரிந்தது, அவள் உடம்புக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரிந்தது. அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். மூன்றும் ஒன்றாகவே இருக்கிற அத்தியாயத்தில் இழுவிசை இராது, அதை வெட்டிவிடலாம்.

கேள்வி: கடைசியில் நினைவு ஒரே காட்சியில் திரும்புகிறது. சினிமாத்தனமாகத் தெரிகிறதே?

பதில்: அழிக்கும் காட்சியில் விதை போடாததுதான் காரணம். 2000-ல் நாடெர், ஷேஃப், லெடூ மூவரும் எலிகளின் அச்ச நினைவை ஆராய்ந்தார்கள். அந்த அச்சத்தைக் கிளறிய உடனே மூளையில் மருந்து செலுத்தினால் நினைவு குலைந்தது. கிளறாமல் செலுத்தியபோதும், கிளறி ஆறு மணி நேரம் கழித்துச் செலுத்தியபோதும் பலிக்கவில்லை. உங்கள் மாயத்துக்கும் இதையே விதியாக வையுங்கள்: அழிக்க வேண்டுமானால் அந்த நாளை அவள் முதலில் முழுதாகச் சொல்லியாக வேண்டும். அப்படியானால் கேட்ட மருத்துவச்சிக்கு எல்லாம் தெரியும். நினைவு அவள் வாய்வழியாகவே திரும்பட்டும், ஒரு பிசகோடு. முதல் அத்தியாயத்தில் வாசகர் பார்த்த நீலச் சட்டையை அவள் பச்சை என்று சொல்லட்டும்.

முதலில் ஈர மண் வாசனை, பிறகு ஒரு குரல், சம்பவங்களின் வரிசை கடைசியில். மூன்று காட்சிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஊருக்கு அது ஐந்து வருடத்துப் பழைய சாவு, அவளுக்கோ இன்று காலையில் நடந்தது. ஊர் அழுது முடித்த இடத்தில் அவள் தனியாக அழ ஆரம்பிக்கிறாள். இந்தக் காட்சிக்குப் பக்கக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேள்வி: துஷ்யந்தனுக்குப் போல மறதியைச் சாபமாக வைக்கலாமா?

பதில்: மகாபாரதத்தில் துஷ்யந்தன் தெரிந்தேதான் சகுந்தலையை மறுக்கிறான். துர்வாசர் சாபத்தைக் காளிதாசன் சேர்த்ததும் அரசன்மேல் இருந்த பழி போய்விட்டது. உங்கள் நாயகி தானே கேட்டு மறந்தவள். அங்கே சாபம் வைத்தால் அவள் எடுத்த முடிவு அவளுடையதாக இராது. வேண்டாம்.