புத்தி சொல்லாத போதைப் படம் ஒன்று

போதைப் பழக்கத்தைக் காட்டிவிட்டு, கடைசியில் மேடையேறிப் புத்தி சொல்லாத படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கைகாட்டுவது 2002-இல் வந்த 'ஸ்பன்'. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாத அமெரிக்க சுயாதீனப் படம்.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ராஸ் என்ற பையன் மெத்தம்பெட்டமைனுக்கு, அதாவது மெத்துக்கு அடிமை. அதைக் காய்ச்சுகிற ஆளுக்குக் கார் ஓட்டுகிறான். அந்த ஆளுக்குப் படத்தில் பெயரே 'குக்'தான், நடித்திருப்பவர் மிக்கி ரூர்க். கூலி பணமாக இல்லை, சரக்காக. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான வில் டி லோஸ் சான்டோஸ், ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் இப்படி ஒருவனுக்கு மூன்று நாள் கார் ஓட்டியிருக்கிறார். அங்கிருந்து பிறந்த கதை இது.

இயக்குநர் யோனாஸ் ஓகர்லுண்ட் ஸ்வீடன்காரர். ஒரு காலத்தில் பாத்தரி என்ற மெட்டல் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர், மடோனாவின் 'ரே ஆஃப் லைட்' வீடியோவை எடுத்தவர். 100 நிமிடச் சொச்சப் படத்தில் 5000 வெட்டுக்கு மேல், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு அத்தனை தாவல் என்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒன்றேகால் நொடிக்கு ஒன்றுகூடத் தேறும்! சரக்கு உள்ளே போனதும் கண்மணி விரிகிறது, நடுவில் கார்ட்டூன் ஓடுகிறது. தூக்கமே இல்லாமல் அலைகிறவன் தலைக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். முதல் அரைமணி தலை வலித்தால் ஆச்சரியமில்லை.

சிரிப்புக்கும் பஞ்சமில்லை. குக்கின் காதலி நிக்கியாக வரும் பிரிட்டனி மர்ஃபி வளர்க்கிற நாய், மெத் ஆவி பட்டுப் பட்டே பச்சை நிறமாகிவிட்டிருக்கும். அது போதாதென்று அதை மடியில் வைத்துக் கொஞ்சல் வேறு.

ஆனால் நான் இந்தப் படத்தைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ராஸ் தன் வீட்டில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு கட்டி, கண்ணிலும் வாயிலும் டேப் ஒட்டிவிட்டு, இதோ வருகிறேன் என்று கிளம்புவான். அப்புறம் குக்குக்கு ஒரு வேலை, நிக்கிக்கு ஒரு வேலை என்று ஊரெல்லாம் சுற்றுவான். நாமும் சிரித்துக்கொண்டே கூடப் போவோம். திடீரென்று படம் அந்த அறைக்குத் திரும்பும்போது வயிற்றைப் பிசையும். அவன் மறந்தான், சரி, மெத் அடித்திருக்கிறான். நாம் எதை அடித்தோம்? எந்த வசனமும் செய்யாத வேலையை அந்த ஒரு வெட்டு செய்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. டிவி கேமரா பின்தொடர ரெய்டு போகும் இரண்டு போலீஸ்காரர்களின் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. அதை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் பெரிதாக எதுவும் புரியாமல் போகாது. ஆபாசமும் கெட்ட வார்த்தையும் ஏராளம், வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் போட்டுவிடாதீர்கள்.