தியாகம் என்று யார் சொன்னது?

கேள்வி: எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்த என் மகள் ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைக் காட்டுகிறாள். அந்த அம்மாள் குடும்பம், குழந்தை எல்லாவற்றையும் அறிவியலுக்காகத் தியாகம் செய்தவர். ஒரு பெண் அவ்வளவு இழக்கத்தான் வேண்டுமா?
- ஒரு தந்தை, கோவை

பதில்: ஆசைப்பட்ட ஒன்றை மனமில்லாமல் விட்டுக்கொடுத்தால்தான் அதற்குத் தியாகம் என்று பெயர். 1897-இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாளுக்கு உறவிலேயே மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையைப் பெற்றுக் கப்பலேறினார். 1931-இல் அங்கேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான். நியூட்டனும் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் எதை இழந்தார் என்று நாம் கேட்டதுண்டா?

ஜானகி அம்மாளை இழுத்தது எது என்று தெரிந்துகொள்ள நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் ஊர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் ஐந்தாண்டு வேலை பார்த்தவர் அவர். தடித்த, இனிப்பான கரும்புக்கு வட இந்தியக் குளிர் ஆகாது. ஆற்றங்கரைக் காட்டுக்கரும்பு எதையும் தாங்கும், ஆனால் இனிப்பு கிடையாது. இரண்டையும் கலந்து புது ரகங்களை எடுத்த இடம் அது. கலப்பு எப்படி நடக்கிறது என்பதைக் குரோமோசோம் மட்டத்தில், அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் நுண்ணிய இழைகளின் மட்டத்தில் பார்ப்பதுதான் ஜானகி அம்மாளின் வேலை. இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள். காட்டுக்கரும்புக்கோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். வேர் நுனியைச் சீவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தத் துணுக்குகளை எண்ண வேண்டும். நாள் கணக்கில், கண் வலிக்க வலிக்க. கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்தால் என்ன ஆகும், மூங்கிலோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று அதையும் செய்து பார்த்தார். இப்படி ஓர் ஆசை பிடித்துக்கொண்டவரை எதையோ பறிகொடுத்தவராகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவருக்கு வலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியாக வாழும் பெண், அதிலும் தாழ்த்திப் பார்க்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால் வேலையிடத்தில் பட்ட சிரமங்களை அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் மனிதர்கள் கொடுத்தவை. அறிவியல் கேட்ட விலை அல்ல. ஒரு தகப்பனாக நீங்கள் கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனில் குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் உடைந்த கண்ணாடியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவாராம். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரத் தொகுப்பு நூலை மரபியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்டார். அப்புறம் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா என்ற பூமரத்து நாற்றுகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் ஆய்வு. வெள்ளைப் பூ பூக்கும் ஒரு மக்னோலியா ரகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நேரு அழைத்ததால் 1951-இல் ஊர் திரும்பினார். எண்பது வயதில், அணை கட்டினால் அழிந்துபோகும் என்று அஞ்சிய கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கின் தாவரங்களை ஆராயக் கிளம்பினார். 1984 பிப்ரவரியில் மறையும் வரை சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடம்தான் அவர் உலகம். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது.

ஆராய்ச்சிக்குப் போகிற பெண் கல்யாணம் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளாமலும் இருக்கலாம். அதை உங்கள் மகள் முடிவு செய்யட்டும். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது வேறு. எந்தச் செடியை ஆராயப் போகிறாய், அதில் உனக்கு என்ன தெரிய வேண்டும் என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.