கவிதையில் பேசுகிறவர் யார்?

கேள்வி: ஆண் கவிஞர்கள் பெண்ணின் குரலில் எழுதுவது பொய்தானே? கவிஞர் தம் பார்வையில், தாம் பட்டதை மட்டும் எழுதினால் போதாதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: போதாது. நீங்கள் சொல்லும் விதியை ஏற்றுக்கொண்டால் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் பெரும்பகுதியை நாம் கைவிட வேண்டியிருக்கும். காதலைப் பாடும் அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ வளர்ப்புத் தாயான செவிலியோ மணத்துக்கு வெளியே தலைவனோடு உறவுள்ள பரத்தையோ தலைவனோ பேச, நாம் கேட்கிறோம். யார், எந்தச் சூழலில், என்ன பேசலாம் என்பதைத் தொல்காப்பியம் விரிவாக வகுத்திருக்கிறது. ஐவகைக் காதல் ஒழுக்கங்களான ஐந்திணையில் காதலர் எவரையும் பெயர் சுட்டிப் பாடலாகாது என்றும் அது விதிக்கிறது.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மணத்துக்கு முன் மறைவாக, களவில் கூடியவன் வாக்குத் தவறினால் தனக்குச் சாட்சி யார் என்று கலங்கும் தலைவி, அன்று அங்கே வேறு யாருமில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டுமே இருந்தது என்கிறாள். அந்தக் குருகின் கால்கள் அவளுக்குத் 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால்'களாகத் தெரிகின்றன. தினைப்புனம் காக்கும் குறிஞ்சிப் பெண்ணின் கண்ணுக்குத்தான் முதலில் தினைத்தாள் தோன்றும். பாரியின் நண்பரும் பெரும் புலவருமான கபிலரிடம் வேறு உவமைகளுக்குப் பஞ்சமிருந்திருக்காது. ஆனாலும் அவர் தம் கல்வியை அவள் வாயில் திணிக்கவில்லை. அவள் பார்த்ததை மட்டும், அவளுக்குத் தெரிந்த பொருளைக் கொண்டு, அவளையே சொல்ல விட்டார். இதைப் பொய் என்று சொல்ல என்னால் இயலாது.

இன்று பெண் குரலில் எழுதப்படும் பல கவிதைகள் தோற்பது இந்த இடத்தில்தான். கடற்கரைப் பெண் ஒருத்தி பேசத் தொடங்குவாள். நான்கு அடிகள் கழிவதற்குள் நகரத்தில் அமர்ந்து எழுதும் கவிஞரின் உவமைகளும் கோபங்களும் முடிவுரையும் அவள் வாயிலிருந்து வரத் தொடங்கிவிடும். பேசுகிறவளின் பெயர் மாறியதே தவிர, பார்க்கும் கண் மாறவில்லை.

உங்கள் கேள்விக்குள் நியாயமான ஓர் ஐயமும் இருக்கிறது. ஆண் ஒருவர் பெண்ணைப் பேசவைக்கும்போது தாம் கேட்க விரும்புவதையே பேசவைப்பார் என்ற அச்சம் வீணானதல்ல. அதற்கு நான் காட்ட விரும்புவது ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8ஆம் பாடல். மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அந்த மனைவியின் பக்கத்தார் காதில் விழும்படி பேசுகிறாள்: எங்கள் வீட்டில் பெருமை பேசியவன், தன் வீட்டில், நாம் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, 'தன் புதல்வன் தாய்க்கு' அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான். மனைவியை அவள் மனைவி என்றுகூடச் சொல்வதில்லை. மகனைப் பெற்றவள் என்ற அளவில் நிறுத்திவிடுகிறாள். அந்தப் பொறாமையும் ஏளனமும் முழுக்க அவளுடையவை, நடுநிலை அதில் துளியும் இல்லை. ஆண்மகனைச் சொந்த விருப்பமே அற்ற நிழலாக்கிக் காட்டும் உரிமையை ஓர் ஆண் புலவர் அவளுக்குத் தந்திருக்கிறார்.

தாம் பட்டதை எழுதியவர் என்று நீங்கள் சங்கப் பெண் புலவர் வெள்ளிவீதியாரைச் சுட்டக்கூடும். அகநானூறு 147ஆம் பாடலில், வெள்ளிவீதியைப் போலத் தானும் காதலனைத் தேடிச் செல்லத் துணிந்ததாக ஔவையார் ஒரு தலைவியைப் பேசவைக்கிறார்; ஆகவே வெள்ளிவீதியாரின் வாழ்க்கையும் பாடலும் அக்காலத்திலேயே இணைத்துப் பேசப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய நல்ல ஆவின் பாலைப் போல், தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் அழகைப் பிரிவின் வெளிறலான பசலை உண்கிறது என்று குறுந்தொகை 27இல் பாடியபோது, அந்தத் துயரை அவர் பெயரற்ற ஒரு தலைவியிடமே ஒப்படைத்தார்.