நாலு பல், ஒரு குழந்தை: குழந்தைப் பல் ஆய்வு பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதுநிலை மாணவர்கள் எழுதியவை. ஆய்வை முடித்துவிட்டு எழுதியவர்களே அதிகம். தொடங்கும் முன் எழுதுங்கள். முடிந்த ஆய்வில் திருத்துவதற்கு அதிகம் மிஞ்சாது.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஊசி வலியை அளக்க 10 செ.மீ. கோடு காட்டிக் குறிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். கோட்டின் நீளத்தை வலியின் அளவாக நினைத்துப் பார்க்க ஏறக்குறைய 8 வயதாவது ஆக வேண்டும். நான்கு வயதுக்கு ஃப்ளாக் அளவுகோல் சரி. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்துக்கும் பார்ப்பவர் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார், மொத்தம் 10. முகப் படங்களைக் கூடவே காட்டலாம். ஆனால் இந்த வயதில் பலரும் ஓரத்தில் இருக்கும் சிரிப்பையோ அழுகையையோதான் தொடுவார்கள். ஃப்ராங்கல் அளவுகோலைப் போட்டு 'வலி குறைந்தது' என்று எழுதாதீர்கள். அது ஒத்துழைப்பை அளப்பது. பயத்தில் உறைந்துபோன குழந்தையும் அதில் நல்ல மதிப்பெண் வாங்கும்.

கேள்வி: திங்கட்கிழமை வந்தவர்களுக்குப் பல் நிரப்ப ஒரு சிமெண்ட், செவ்வாய்க்கிழமை வந்தவர்களுக்கு இன்னொன்று. இது ரேண்டம் ஒதுக்கீடுதானே?

இல்லை. அடுத்த குழந்தைக்கு எது விழும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் அது ரேண்டம் ஆகாது. பட்டியலைக் கணினியில் உருவாக்கி, சிகிச்சை செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். வரிசை எண்ணிட்ட, ஒளி ஊடுருவாத, ஒட்டிய உறைகளைப் பயன்படுத்துங்கள். பல்லைத் தயார் செய்து முடித்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். முன்பே பிரித்தால், எந்தப் பொருள் வரப்போகிறது என்பதைப் பொறுத்துச் சொத்தையைச் சுரண்டும் கை மாறிவிடும்.

கேள்வி: 30 குழந்தைகளில் 120 பால் கடைவாய்ப் பற்களுக்கு நிரப்பினோம். குழுவுக்கு 60 பல் என்று மென்பொருள் சொன்ன எண்ணிக்கை கிடைத்துவிட்டது. ஒரு குழுவில் 9 நிரப்பல்கள் விழுந்தன, மற்றதில் 3. கை-வர்க்கச் சோதனை (chi-square) போதுமா?

போதாது. இதே கேள்வி எத்தனை வடிவங்களில் வந்தாலும் என் பதில் ஒன்றுதான்: முதலில் குழந்தைகளை எண்ணுங்கள்.

ஒரு வாயில் உள்ள நான்கு பற்கள் நான்கு நோயாளிகள் அல்ல. அதே உமிழ்நீர், அதே இரவுப் பால் புட்டி, அதே பிரஷ், வாய் திறக்க மறுக்கும் அதே பிடிவாதம். ஒன்று விழுந்தால் மற்றதும் விழ வாய்ப்பு அதிகம். இந்த ஒற்றுமையை அளக்கும் எண்தான் ஒரே குழந்தையின் பற்களுக்கிடையிலான தொடர்புக் கெழு. அது 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு நான்கு பல் என்றால் பெருக்கும் காரணி 1 + (4 − 1) × 0.3, அதாவது 1.9. உங்கள் 120 பற்கள் தரும் தகவல் ஏறக்குறைய 63 தனித்தனிப் பற்களுக்குச் சமம். கெழு 0.5 ஆக இருந்தால் 48 மட்டுமே.

உங்கள் 9-க்கு 3 என்ற கணக்குக்கு வருவோம். முதல் குழுவில் விழுந்த 9-இல் 6 ஒரே குழந்தையுடையவை என்றால்? எட்டுப் பற்களில் நிரப்பி ஆறை இழந்த குழந்தை அது. அந்த ஒரு குழந்தையை ஒதுக்கிப் பார்த்தால் 52 பற்களில் 3 தோல்வி, அதாவது 6%. எதிர்க்குழுவில் 60-க்கு 3, அதாவது 5%. சிமெண்ட் மோசம் என்ற உங்கள் முடிவு ஒரு வீட்டின் பால் புட்டியை நம்பி நிற்கிறது. அந்தக் குழந்தையை நீக்கிவிடச் சொல்லவில்லை. அப்படி நீக்குவது இன்னொரு தவறு. தோல்விகள் எத்தனை வாய்களில் விழுந்தன என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த எண் இல்லை. அட்டவணையிலும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: குழந்தையை ரேண்டம் விளைவாக வைத்த கலப்பு மாதிரி அல்லது ஜிஇஇ முறையில் மறுபடி பகுப்பாய்வு செய்யுங்கள். இரண்டுமே ஒரே வாயின் பற்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கணக்கில் கொள்பவை. நிரப்பல் எத்தனை மாதம் நின்றது என்பது கேள்வியானால், குழந்தை அளவில் பகிர்ந்த ஃப்ரெய்ல்டி (ஒரே குழந்தையின் பற்களுக்குப் பொதுவான தோல்வி வாய்ப்பு) சேர்த்த உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. 30 குழந்தைகள் ஜிஇஇக்குக் குறைவு. 40-க்குக் கீழே போனால் அதன் பிழை மதிப்பீடு சிறுத்துக் காட்டும், சிறு மாதிரித் திருத்தம் கேளுங்கள். எந்த வழியில் போனாலும் குழுவாரியாகக் குழந்தை எண்ணிக்கை, பல் எண்ணிக்கை இரண்டையும் முதல் அட்டவணையில் போடுங்கள்.

அடுத்த ஆய்வுக்கு: குழுவுக்கு 60 தனிப் பல் தேவை என்று மென்பொருள் சொன்னால் 1.9-ஆல் பெருக்கி 114. குழந்தைக்கு நான்கு பல் வீதம் 29 குழந்தைகள். ஐந்தில் ஒருவர் திரும்பி வரமாட்டார்கள் என்று வைத்தால் 37 பேர். விட்டுப்போகும் குழந்தை தன் நான்கு பற்களையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பதை மறக்காதீர்கள். இதைவிட எளிய வழி, குழந்தைக்கு ஒரே ஒரு பல்லை ஆய்வுக்கு எடுப்பது. எந்தப் பல் என்ற விதியை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். மற்ற பற்களுக்கு வழக்கமான சிகிச்சை கொடுங்கள்.

கேள்வி: ஃப்ளூரைடு வார்னிஷை வலப்பக்கம் மட்டும் பூசி, இடப்பக்கத்தை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா?

கூடாது. 5% சோடியம் ஃப்ளூரைடு வார்னிஷில் 22,600 பிபிஎம் ஃப்ளூரைடு இருக்கிறது. அது உமிழ்நீரில் கரைந்து இடப்பக்கத்துக்கும் போகும். நீங்கள் காணும் வித்தியாசம் உண்மையானதைவிடச் சிறியதாகிவிடும். ஒரே வாயை இரண்டாகப் பிரிக்கும் முறை நிரப்பல், கிரவுன், சீலண்ட் போன்று போட்ட இடத்திலேயே நிற்கும் சிகிச்சைக்குத்தான். அங்கேயும் பகுப்பாய்வு இணை இணையாக இருக்க வேண்டும். ஆம்-இல்லை என்ற விளைவுக்கு மெக்நெமர் சோதனை. ஊசிகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் வரிசையையும் ரேண்டம் ஆக்குங்கள். முதல் வருகையில் வலித்த குழந்தை இரண்டாம் வருகைக்கு அந்தப் பயத்தோடு வரும்.

கேள்வி: எஸ்டிஎஃப் (சொத்தையை நிறுத்தப் பூசும் சில்வர் டயமின் ஃப்ளூரைடு) பூசிய பல் கறுத்துவிடுகிறது. பரிசோதிப்பவருக்குக் குழு தெரியாமல் எப்படி வைப்பது?

பூசாத குழுவோடு ஒப்பிட்டால் முடியாது. முடிந்ததாக எழுதவும் வேண்டாம். 12 சதவீதத்தை 38 சதவீதத்தோடும், ஆண்டுக்கு ஒருமுறை பூசுவதை இருமுறையோடும் ஒப்பிட்டால் எல்லாப் பல்லும் கறுப்புதான், மறைப்பு நிற்கும். மற்ற ஆய்வுகளில், பூசாத ஒருவர் பரிசோதிக்கட்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், உருண்டை முனை ஆய்வுக் கம்பியை மெல்ல வைத்து, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கறுத்தும் மென்மையாக இருக்கும் சொத்தை நின்றுவிட்ட சொத்தை அல்ல.

பூசும் முறையையும் ஆய்வு நெறிமுறையில் (protocol) வரிக்கு வரி எழுதுங்கள். உதட்டில் வாசலின், பஞ்சுச் சுருள், பல்லை உலர்த்துதல், மைக்ரோபிரஷ் நுனியில் துளி தொட்டு ஓரத்தில் வழித்தல், ஒரு நிமிடம் தேய்த்து வைத்தல், மிஞ்சியதைக் காஸ் துணியால் ஒற்றுதல். இரண்டு பேர் பூசினால், உலர்த்துவதில்தான் வித்தியாசம் வரும். தோலில் பட்ட கறை சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் மறையும். சொத்தையின் கறுப்பு மறையாது. ஒப்புதல் படிவத்தில் அதற்கு வண்ணப் படம் இருக்க வேண்டும். வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களையும், பற்கூழ்வரை சொத்தை போன பற்களையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு பரிசோதகர்களிடையே 95% உடன்பாடு. அளவொத்திசைவு (இருவரும் ஒரே மாதிரி அளக்கப் பழகுவது) முடிந்தது என்று எழுதலாமா?

கேப்பா எங்கே? தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து உடன்பாட்டை அளக்கும் எண் அது. 1,000 பரப்புகளில் இருவரும் ஆளுக்கு 50-ஐச் சொத்தை என்கிறார்கள் என்று வைப்போம். ஒருவரையொருவர் பார்க்காமல் குருட்டாம்போக்கில் சொன்னாலே 90 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். 95% உடன்பாட்டுக்கு அங்கே கேப்பா 0.47தான். சொத்தை குறைவான குழந்தைகளை வைத்து அளவொத்திசைவு செய்தால் இப்படித்தான் ஆகும். எல்லா நிலைகளும் கலந்த வாய்களைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை செய்துவிட்டு நிறுத்தாமல், ஆய்வு முழுவதும் பத்தில் ஒரு குழந்தையை மறுபரிசோதனை செய்யுங்கள். எது மறுபரிசோதனை என்று பரிசோதகருக்குத் தெரியக் கூடாது.

பெரும்பாலும் சண்டை வெண்புள்ளியில்தான், அதாவது சொத்தையின் ஆரம்ப அடையாளத்தில்தான் வரும். மேல் உதட்டைத் தூக்கி, ஈறு ஓரத்தில் படிந்த படலத்தைத் துடைத்துவிட்டு ஈரத்தோடு பாருங்கள். அப்போதே சுண்ணாம்புக் கோடு தெரிந்தால் ஐசிடாஸ் என்ற சொத்தை அளவுகோலில் 2. தெரியாமல், 5 விநாடி காற்றில் உலர்த்திய பிறகு தெரிந்தால் 1. காற்று ஊதும் கருவி இல்லாத இடத்தில் பஞ்சால் ஒற்றிவிட்டு 1 என்று போடாதீர்கள். அந்த எண்ணையே நெறிமுறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கூர்முனைக் கம்பியால் குத்திப் பார்ப்பது இன்னும் மோசம். மேல் எனாமல் உடையாமல் இருந்த புள்ளியை நீங்களே குழியாக்கிவிடுவீர்கள்.

கேள்வி: பல்பாட்டமி (மேல்பகுதிப் பற்கூழை மட்டும் எடுக்கும் சிகிச்சை) ஆய்வுக்கு 6 மாதப் பின்தொடர்தல் போதுமா? விழுந்துவிட்ட பால் பற்களை எதில் சேர்ப்பது?

மீதிப் பற்கூழின் மேல் வைக்கும் மருந்துகளான எம்டிஏவும் ஃபார்மோகிரெசாலும் 6 மாதத்தில் ஒன்றுபோலவே தெரியும். வேர்ப் பிளவில் எலும்புக் கரைவும் உள்வேர்க் கரைவும் எக்ஸ்ரேயில் தலைகாட்ட நேரமாகும். 24 மாதம் வையுங்கள். மருத்துவ வெற்றியையும் எக்ஸ்ரே வெற்றியையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பின்னது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

வயதுப்படி விழுந்த பல் வெற்றியும் அல்ல, தோல்வியும் அல்ல. கடைசியாகப் பார்த்த நாள்வரை எண்ணி அங்கேயே நிறுத்துங்கள். முதல் பால் கடைவாய்ப் பல் விழுவது 9 முதல் 11 வயதில், இரண்டாவது 10 முதல் 12-இல். 9 வயதுக் குழந்தையைச் சேர்த்துவிட்டு 24 மாதம் பின்தொடர்வேன் என்றால் பாதிப் பல் கைக்கு வராது. சீழ் வைத்து வேறெங்கோ பிடுங்கிய பல் தோல்வி. திரும்பி வராத ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் கேட்டு இதைப் பிரியுங்கள். எது தோல்வி, எது இழப்பு என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்.

கேள்வி: ஹால் கிரவுன் போட்டதும் கடி உயர்கிறது. அதைத் தோல்வி என்று குறிக்கலாமா?

கூடாது. சொத்தையை எடுக்காமல், பல்லைச் செதுக்காமல் உலோக உறையை ஒட்டுவதால் கடி உயரத்தான் செய்யும். சில வாரங்களில் தானே சமன்படும். ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் வழக்கத்தில் செய்துவந்த இந்த முறையை 132 குழந்தைகளில் சோதித்த ஆய்வு 2007-இல் வந்தது. கோரைப் பல்லில் மேல் பல் கீழ்ப் பல்லை எவ்வளவு மூடுகிறது என்பதை மில்லிமீட்டரில், கிரவுன் போடும் முன், போட்டதும், 4 வாரத்தில் என்று மூன்று முறை அளந்து தனி விளைவாகக் கொடுங்கள்.

கேள்வி: பி மதிப்பு 0.34. ஆகவே இரண்டு பொருள்களும் சமம்தானே?

இல்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உங்கள் ஆய்வுக்குப் பலம் போதவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பைப் பாருங்கள். சமம் என்று காட்ட வேண்டுமானால், எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்ற எல்லையை முன்பே வகுத்து அதற்கேற்ற எண்ணிக்கையோடு வர வேண்டும்.

கேள்வி: டேட்டா இணைத்துள்ளேன். எந்த டெஸ்ட் போடுவது? அவசரம்.

இணைப்பில் 'குழு 1', 'குழு 2' என்ற இரண்டு நெடுவரிசைகள் தவிர ஒன்றுமில்லை. எத்தனை குழந்தை, என்ன வயது, எதை அளந்தீர்கள், யார் அளந்தார்கள், ஒரு குழந்தைக்கு எத்தனை பல்? இவற்றை எழுதி அனுப்புங்கள். நெறிமுறையில் எந்தச் சோதனை என்று எழுதியிருந்தீர்களோ அதைத்தான் போட வேண்டும். எழுதவில்லை என்றால் அதைக் கட்டுரையில் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆய்வு முடிந்தபின் அதை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யலாமா?

முதல் குழந்தையைச் சேர்க்கும் முன் பதிவு வேண்டும். முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதையே கேட்கின்றன.

கேள்வி: ஒரே குழந்தையின் உமிழ்நீர் ஓட்டம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஏன்?

நேரம் மாறியிருக்கும். தினமும் ஒரே நேரம், ஒரு மணி நேரம் சாப்பாடும் பிரஷும் இல்லாமல். தண்ணீரில் கொப்பளித்து, முதல் நிமிடத்து நீரை விட்டுவிட்டு, 5 நிமிடம் சேகரியுங்கள். நுரை இருக்கும்போது குழாயின் கோட்டைப் பார்த்து அளவு எழுதாதீர்கள். எடை போடுங்கள், 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி. துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்குப் பஞ்சுக் குச்சி, பெரிய குழந்தைக்குத் துப்பல் என்று ஒரே ஆய்வில் கலக்காதீர்கள்.

கேள்வி: அம்மா கையெழுத்திட்டார், எட்டு வயதுக் குழந்தை வேண்டாம் என்று அழுகிறது. சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்காதீர்கள். கையெழுத்து பெற்றோரின் அனுமதி. குழந்தையின் சம்மதம் தனி. ஏழு வயதுக்கு மேல் அதை அவர்கள் மொழியில் கேட்டே ஆக வேண்டும். அதற்குக் குறைந்த குழந்தையும் கையைத் தட்டிவிட்டால் அது மறுப்புதான். தேவையான சிகிச்சையை நிறுத்தக் கூடாது, ஆய்வுக்காக மட்டும் செய்யும் ஊசி, எக்ஸ்ரே, மாதிரி எடுத்தல் அத்தனையையும் நிறுத்துங்கள். மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று கட்டுரையில் எழுதுங்கள். 'ஒத்துழைக்காதவர்கள்' என்ற தலைப்பில் புதைக்காதீர்கள்.

கேள்வி: என் மகளை ஓர் ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?

ஒரு பெற்றோர் எழுதியது மகிழ்ச்சி. ஆய்வில் சேராவிட்டால் அவளுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? ஆய்வுக்காக மட்டும் எத்தனை எக்ஸ்ரே, எத்தனை கூடுதல் வருகை? பொருள் தோற்றுவிட்டால் யார், எப்போது, யார் செலவில் சரிசெய்வார்கள்? நடுவில் விலகினால் சிகிச்சை தொடருமா? முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? பதில்களைப் படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், கையெழுத்திட்டதும் அதன் நகல் ஒன்றை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.