நாணயத்தில் யாருடைய உருவம்? – கேள்வி பதில்

பங்கின் மறைக்கல்வி வகுப்பில் நாட்டுக் கடமையையும் விசுவாசத்தையும் பற்றிப் பேசியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பாதி வியாபாரத்துக்குப் பில் போடுவதில்லை. கட்டுகிற வரி எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும். மிச்சமாவதில் ஒரு பங்கைக் கோயில் கட்டடத்துக்குக் கொடுக்கிறேன். இது பாவமா?

பதில்: பாவம்தான். நீங்கள் ஒளிக்காமல் கேட்டதால் நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். இயேசுவிடம் வரி பற்றிக் கேட்டவர்கள் அவரைச் சிக்கவைக்க வந்தவர்கள். அவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்னார். வந்தது ஒரு தெனாரியம், கூலியாளின் ஒரு நாள் சம்பளம். உரோமைப் பேரரசர் திபேரியு சீசரின் தெனாரியத்தில் அவருடைய தலை இருக்கும், சுற்றிலும் 'தெய்வீக அகுஸ்துவின் மகன்' என்று எழுதியிருக்கும். ஒரு யூதர் கையில் எடுக்கவே கூசுகிற எழுத்து. அப்படிப்பட்ட அரசுக்கும் 'கொடுங்கள்' என்றுதான் இயேசு சொன்னார்.

கோயிலுக்குக் கொடுப்பது இதைச் சரிசெய்துவிடாது. பெற்றோருக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். இன்னொருவருக்குச் சேர வேண்டிய பணம் காணிக்கை ஆகாது. ஊழல் மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது. 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, கிராமசபை இருக்கிறது. கோபத்தை அங்கே கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். 'இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும்' என்றால் அரசியல் வேறு, ஆன்மிகம் வேறு என்றுதானே அர்த்தம்?

பதில்: உங்கள் வேதாகமத்தில் இராயன், எங்கள் திருவிவிலியத்தில் சீசர். ஆனால் அதற்கு முன் இயேசு கேட்ட கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்: இந்த உருவம் யாருடையது? நாணயத்தில் சீசரின் உருவம். சரி, கடவுளின் உருவம் எதில் இருக்கிறது? தொடக்கநூல் 1:27 சொல்கிறது, மனிதரில். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே வருவதும், நற்செய்தியில் நாணயத்துக்கு வருவதும் ஒரே சொல், 'எய்கோன்'. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே தெர்த்துல்லியன் என்ற ஆதித் திருச்சபை எழுத்தாளர் இதைப் பிடித்துக்கொண்டார்: பணத்தைச் சீசருக்குக் கொடு, உன்னையே கடவுளுக்குக் கொடு என்றார். ஆக, இது பாதிப் பாதிப் பங்கு இல்லை. சீசரும் கடவுளின் உருவத்தைத் தாங்கிய மனிதர்தான். அவருக்கு நாம் செலுத்துவதும் கடவுள் முன்னிலையில்தான்.

கேள்வி: அண்ணா, 2019இல் பெரிய வியாழன் அன்று வாக்குப்பதிவு வைத்தார்கள். நான் போகவில்லை. அன்று செபம்தானே முக்கியம்?

பதில்: எனக்கும் அந்தத் தேதி வருத்தமாகத்தான் இருந்தது. ஏப்ரல் 18, மறுநாள் புனித வெள்ளி. தேதியை மாற்றக் கேட்டுக் கிறிஸ்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நடக்கவில்லை. காலை ஏழு மணிக்கே எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றேன். மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவினார். வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்திருந்த பெரியவர் ஒருவரின் இடக்கை விரலில் மை அப்போதுதான் காய்ந்த மாதிரி பளபளத்தது. அவர் அன்று எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று தோன்றியது. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 2240ஆம் பத்தியில் வரி, வாக்கு, நாட்டைக் காப்பது மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒழுக்கக் கடமை என்கிறது. அடுத்த முறை போய்விட்டு வாருங்கள் தம்பி.

கேள்வி: எந்தக் கட்சிக்குப் போட வேண்டும் என்று சாமியாரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டால் குழப்பமில்லையே?

பதில்: சொல்லக் கூடாது. வழிபாட்டு இடத்தைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குருக்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் பொது விதியும்கூட. ஏழைக்கு நியாயம் கிடைக்கிறதா என்று பார்த்து வாக்களியுங்கள் என்று அவர் தாராளமாகச் சொல்லலாம். யாருக்கு என்பது உங்கள் மனச்சான்று.

கேள்வி: பவுலின் உரோமையர் திருமுகம் 13ஆம் அதிகாரம் 'ஆளும் அதிகாரிகளுக்குப் பணிந்திருங்கள்' என்கிறது. அப்படியானால் ஹிட்லருக்கும் பணிய வேண்டுமா?

பதில்: பவுல் அதை எழுதியபோது உரோமைப் பேரரசராக இருந்தவர் நீரோ. அந்த நீரோவின் காலத்தில்தான் பவுலும் கொல்லப்பட்டார் என்பது மரபு. அதே அதிகாரம், அதிகாரியைக் 'கடவுளின் தொண்டர்' என்கிறது. தொண்டருக்கு மேலே ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவருக்கு எதிராகத் தொண்டர் கட்டளையிட்டால் பேதுரு சொன்னதுதான் பதில்: மனிதருக்கு அல்ல, கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும்.

ஹிட்லரைக் கேட்டீர்கள். ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடேகுண்ட் என்ற சின்னக் கிராமத்தில் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்று ஒரு விவசாயி இருந்தார். மனைவி, மூன்று பெண் குழந்தைகள், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் எதிர்த்துப் போட்டவர் அவர் ஒருவரே. அநியாயப் போரில் ஹிட்லருக்காகத் துப்பாக்கி தூக்குவது பாவம் என்பது அவர் முடிவு. ஆயரிடம் போய்க் கேட்டார். குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். 1943 மார்ச்சில் படைமுகாமுக்கு நேரில் போய், சண்டை போட மாட்டேன், வேண்டுமானால் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்கிறேன் என்றார். ஏற்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். 2007இல் திருச்சபை அவரை அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ஆக்கியபோது மனைவி ஃபிரான்சிஸ்கா 94 வயதில் லின்ஸ் பேராலயத்தில் உட்கார்ந்திருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அவர் ஓடி ஒளியவில்லை, கள்ளக் காகிதம் காட்டவில்லை. இப்படித்தான் நான் வித்தியாசம் பார்க்கிறேன்: விசுவாசத்துக்காக மறுக்கிறவர் வெளிச்சத்தில் நின்று மறுப்பார், விலையையும் தாமே கொடுப்பார். பில் போடாத கடைக்காரர் லாபத்தை எடுத்துக்கொள்கிறார்.

கேள்வி: பக்கத்து வீட்டார் யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவினர். அவர்கள் பிள்ளைகள் தேசிய கீதம் பாடுவதில்லை. இது தேசத் துரோகம் இல்லையா?

பதில்: இல்லை அம்மா. இதே காரணத்துக்காகக் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். கீதம் ஒலித்தபோது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றிருந்தார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நான் மனதாரப் பாடுகிறவன், அதில் என் விசுவாசத்துக்கு இடைஞ்சல் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறக்கவைக்க எனக்கு உரிமை இல்லை.

கேள்வி: சார், அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். இடத்தைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதச் சொல்கிறார் மேலதிகாரி. வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். திருமுழுக்கு யோவானிடம் வரிதண்டுவோரும் படைவீரரும் வந்து 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டார்கள். வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் தண்டாதே, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே என்றார். அந்த நாற்காலியில் நேர்மையானவர் ஒருவர் உட்கார்ந்திருப்பது ஊருக்கு நல்லது. பொய்யை மட்டும் எழுதாதீர்கள். 'இடத்தைப் பார்வையிடவில்லை' என்று கோப்பில் குறிப்பு வைத்துத் தேதி போடுங்கள். அப்புறமும் வற்புறுத்தினால், பணிவாகவே, உத்தரவை எழுத்தில் கேளுங்கள். இடமாற்றம் வரலாம், அதற்கு வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். எந்த ஊருக்குப் போட்டாலும் சொல்லுங்கள், அங்குள்ள பங்கில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் வீடு பார்க்க உதவுவார்கள்.