வேலூரில் நாங்கள் கட்டும் 4 மாடி ஜவுளிக்கடைக்கு, பாரிஸ் பழைய கடைகள் மாதிரி நடுவில் கண்ணாடி டூம் வைக்கலாமா?

டூமை அப்படியே வைக்காதீர்கள். அது எந்த வேலைக்காக வந்ததோ, அந்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணிப் பட்டு எடுக்க வருகிறவர்கள் விரித்த புடவையை வாசலுக்கே கொண்டுபோய், முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். டியூப்லைட்டில் மயில்கழுத்து ஒன்று பச்சையாகத் தெரியும், இல்லை நீலமாகத் தெரியும். பாரிஸ் கடைகளுக்கும் இதே சிக்கல்தான். 1870களில் போன் மார்ஷே கடையை விரிவாக்கியபோது மெல்லிய இரும்புத் தூண்களை நிறுத்தி, நடுவே கூடம் விட்டு, மேலே கண்ணாடி போட்டார்கள். கீழ்த்தளம் வரை பகல் வெளிச்சம் இறங்கியது. 1912இல் லஃபாயெத் கடையில் வந்த 43 மீட்டர் உயர டூம் வண்ணக் கண்ணாடி. அத்தனை அழகு! ஆனால் நிறம் ஏறிய வெளிச்சத்தில் பட்டின் நிறம் மாறிவிடும்.

பாரிஸில் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. வேலூரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சியிலேயே நிற்கும். படுத்த கண்ணாடி வைத்தால் ஏசி திணறும். வெயில் படும் அலமாரியில் புடவை மடிப்பு ஓரமாக வெளுக்கும். ஒட்டிய சிலிகான் விரிந்து சுருங்கிப் பிளந்து, ஐப்பசி மழையில் ஒழுகும்.

அதனால் கூடத்துக்கு மேல் கான்கிரீட் கூரையே போடுங்கள். அதை மொட்டைமாடியிலிருந்து 4 அடி தூக்கி, வடக்குப் பக்கம் மட்டும் ஜன்னல் விடுங்கள். ஜூனில் மத்தியான வெயில் கொஞ்சம் வடக்கிலிருந்து விழும். அதற்கு 1 அடி சன்ஷேடு போதும். காலை, மாலைச் சாய்வெயிலுக்குச் செங்குத்துப் பட்டைகள் வேண்டும். இந்த வெளிச்சம் மேல் இரண்டு மாடிக்குத்தான் நன்றாக வரும். பட்டுப் பிரிவை அங்கேயே வையுங்கள். கீழே சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கு 100 வரையுள்ள அளவு) 90க்கு மேலுள்ள எல்.ஈ.டி. போடலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் தீ. பிரசெல்ஸில் விக்டர் ஓர்த்தா வடிவமைத்த இன்னோவாசியோன் கடையில் 1967 மே 22 அன்று தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்பிரிங்ளர் (தீயின் சூட்டில் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்) கிடையாது, திறந்த நடுக்கூடம் புகைபோக்கி மாதிரி எல்லா மாடிக்கும் தீயை ஏற்றியது. ஜவுளிக்கடையில் எரிய என்ன குறைச்சல்? கூடத்தின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் ஸ்பிரிங்ளர், உச்சியில் புகை பட்டதும் தானே திறக்கும் ஜன்னல், கூடத்தை விட்டுத் தள்ளிச் சுவரும் கதவும் வைத்து மூடிய இரண்டு படிக்கட்டுகள். இவை வரைபடத்தில் ஏறிய பிறகு அலங்காரத்தைப் பேசுங்கள்.